அடையாற்றின் தலைமாட்டில்

முடிச்சூரில் தரை தட்டையாகத்தான் தெரியும். தாம்பரம் மேற்கில் இறங்கி ஷேர் ஆட்டோவில் வந்தால் வழி நெடுக ஹார்டுவேர் கடை, தண்ணீர் கேன் கடை, அடகுக் கடை, டியூஷன் சென்டர், இரண்டு மாடி வீடுகள், நடுநடுவே சீமைக்கருவேலம் மண்டிய காலி மனைகள். ஏற்றமோ இறக்கமோ கண்ணில் படாது. ஆனாலும் இந்த மண்ணுக்கு ஒரு வாட்டம் உண்டு. சைக்கிள் மிதிப்பவரின் கால் அதைக் கொஞ்சம் அறியும். மழைத்தண்ணீர் முழுக்க அறியும். ஐப்பசியில் கால் மணி நேரம் கொட்டினால் போதும்; எந்தத் தெரு வயலாக இருந்தது, எது வாய்க்கால், எது களத்துமேடு என்று அது ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிவிடும்.

மாலையில் நடக்கப் போகும்போது அந்த வாட்டத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். இந்தக் குறிப்புகள் அந்த நடையில் சேர்ந்தவை.

*

தாம்பரத்தில் ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. அவற்றுக்குக் கிழக்கே விழும் மழை பெரும்பாலும் ஏரிக்கு ஏரி இறங்கி, செம்பாக்கம், நன்மங்கலம் என்று போய்ப் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்கிறது. மேற்கே விழும் மழை அடையாற்றுக்கு. ஒரே மேகம், ஒரே ஊர்ப் பெயர். நடைமேடையின் இந்தப் பக்கம் விழுந்த துளியும் அந்தப் பக்கம் விழுந்த துளியும் வேறு வேறு வழியில் கடலுக்குப் போகின்றன.

எங்களுடையது மேற்குப் பக்கம். ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கமிருந்து ஓர் ஓடை வருகிறது. மணிமங்கலம் பக்கமிருந்து இன்னொன்று. இவையெல்லாம் வரதராஜபுரத்தை ஒட்டிச் சேர்ந்த பிறகுதான் அடையாறு ஆறு என்று சொல்லும்படி அகலமாகிறது. சைதாப்பேட்டைப் பாலத்தில் நின்று பார்ப்பவருக்கு அது சாக்கடை. கடற்கரையில் முகத்துவாரத்தைப் பார்ப்பவருக்கு அது காயல். மொத்தமே 42 கி.மீ. நீளமுள்ள அந்த ஆற்றின் தலைமாட்டில் நாங்கள் இருக்கிறோம். இங்கே அது கோரையும் ஆகாயத்தாமரையும் அடைத்த ஓடை, கரையில் எருமைகள், நாணலுக்குள் கானாங்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஓடும். வெளியூர்க்காரரிடம் இதுதான் அடையாறு என்று காட்டினால் நம்பத் தயங்குவார்.

*

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அந்த நவம்பரிலேயே ஒருமுறை மூழ்கி எழுந்திருந்த முடிச்சூரும் வரதராஜபுரமும் மறுபடி மூழ்கின. தெருவில் படகு வந்தது. மொட்டை மாடியிலிருந்து கிழவிகளைப் போர்வையில் உட்கார வைத்து இறக்கினார்கள்.

அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசும் எவரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்றுதான் தொடங்குவார்கள். கீழே உள்ள சென்னைக்கு அந்தப் பேச்சு பொருந்தும். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் கலக்கிறது. அது எங்களுக்குக் கீழே இருக்கும் இடம். முடிச்சூரில் நுழைந்த தண்ணீர் ஊரின் சொந்தத் தண்ணீர். மேலே இருக்கும் சின்னச் சின்ன ஏரிகள் நிரம்பி, உபரி நீர் போகும் கலங்கல் வழிந்து, போக வேண்டிய கால்வாயைத் தேடி, அது இருந்த இடத்தில் இருந்த எங்கள் வீடுகளுக்குள் வந்த தண்ணீர்.

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கோ தூரத்தில் யாரோ மதகைத் திறந்ததால் வந்த வெள்ளம் என்று வைத்துக்கொண்டால் நமக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பக்கத்து ஏரியின் தண்ணீர் என்று தெரிந்துகொண்டால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. 2020-லும் 2021-லும் 2023-லும் வரதராஜபுரத்தில் தண்ணீர் மீண்டும் வந்தது. இடையில் ஆற்றை அகலப்படுத்தினார்கள், கரை போட்டார்கள், கால்வாய் வெட்டினார்கள். அதனால் நிலைமை முன்பைவிடத் தேறியிருக்கிறது என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

*

எங்கள் தெருவில் புது வீட்டுக்கு மட்டம் பார்த்தார்கள். மேஸ்திரி கண்ணாடி போன்ற ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறு முனையை உதவிக்கு வந்த பையனிடம் கொடுத்தார். பையன் சாலை ஓரத்தில் நட்ட குச்சியில் பிடித்தான். குழாய்க்குள் தண்ணீர் ஏறி இறங்கி, கொஞ்சம் ஆடி, நின்றது. தண்ணீர் நின்ற மட்டத்தில் மேஸ்திரி சுவரில் கரிக்கட்டையால் கோடு போட்டார்.

"சார், ரோட்டுலருந்து மூணரை அடி ஏத்திக்கலாம். அடுத்த தடவை ரோடு போட்டா அதுல அரை அடி போயிடும்" என்றார் வீட்டுக்காரரிடம்.

வீட்டுக்காரர் தலையசைத்தார். பள்ளி ஆசிரியர் அவர். ஓய்வுக்குப் பிறகு கிடைக்கப்போகும் பணத்தை நம்பி இப்போதே கடன் வாங்கிக் கட்டுகிறார். மூன்றரை அடிக்கு மண் அடிக்க எத்தனை லோடு ஆகும் என்று கணக்குப் போடுகிற முகம் எனக்குத் தெரியும்.

அந்தக் குழாய்த் தண்ணீர் நின்ற நிலையை இன்னும் மறக்க முடியவில்லை. அத்தனை நேர்மையான கருவி. இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தில்தான் நிற்கும், யாருக்காகவும் ஒரு நூல் ஏறாது, இறங்காது. அப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு நாம் எதிலிருந்து மட்டம் எடுக்கிறோம் என்பதுதான் என் கேள்வி. எல்லோரும் முன்னால் இருக்கும் சாலையிலிருந்து எடுக்கிறோம். சாலை தன் மட்டத்தைப் பழைய சாலையிலிருந்து எடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் நம் வீட்டைப் பார்த்து இன்னும் அரை அடி கூட்டுகிறார். ஏரியின் கலங்கல் எந்த மட்டத்தில் இருக்கிறது, அது வழிந்தால் தண்ணீர் எந்த மட்டத்தில் வரும் என்று இந்தத் தெருவில் யாரும் குழாய் பிடித்துப் பார்த்ததில்லை.

*

பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதிய தார் போட்டுப் போட்டு, தொண்ணூறுகளில் கட்டிய வீடுகள் இப்போது சாலைக்குக் கீழே இருக்கின்றன. தெருக்கோடியில் ஒரு வீடு. அதற்குள் போக மூன்று படி இறங்க வேண்டும். வாசற்படிக்கு வெளியே முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமென்ட் தடுப்பு. கோலம் போட இடம் இல்லாததால் அந்த அம்மாள் தடுப்பின் மேல் விளிம்பில், நாலு விரல் அகலத்தில், இழையாகக் கோலம் இழுக்கிறார். உள்சுவரில் சுவிட்ச் போர்டுகள் எல்லாம் தலைக்கு மேல். வெள்ளத்துக்குப் பிறகு மாற்றியவை.

வசதி உள்ளவர்கள் வீட்டையே தூக்குகிறார்கள். கடைக்காலைச் சுற்றித் தோண்டி, சுவரின் கீழே வரிசையாக ஜாக்கி வைத்து, ஒருவர் குரல் கொடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் கால் சுற்று திருப்புகிறார்கள். மறுபடி குரல், மறுபடி கால் சுற்று. வீடு நகர்வது தெரியாது. சாயங்காலம் பார்த்தால் ஒரு வரிசைச் செங்கல் நுழையும் அளவுக்கு இடைவெளி. உள்ளே பூஜை அறையில் விளக்கு அப்படியே இருக்கும். அந்த வேலையின் பொறுமையை நான் மதிக்கிறேன். ஆனால் தூக்கிய வீட்டுக்குப் பக்கத்து வீடு இன்னும் பள்ளத்தில் போகிறது. ஒரு தெரு இப்படித் தனித்தனியாகத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது.

*

நகரம் தன்னிடம் இடம் இல்லாதவற்றை நெடுங்காலமாக இந்தப் பக்கம் அனுப்பி வருகிறது. 1928-ல் காசநோயாளிகளுக்கு நல்ல காற்று வேண்டும் என்று டாக்டர் சவுரி முத்து தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார். 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது. 1937-ல் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டு இங்கே காட்டுக்குள் குடிபெயர்ந்தது. 1985-ல் மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலை வண்டலூரில் திறக்கப்பட்டது. 2023 டிசம்பர் கடைசியில் வெளியூர்ப் பேருந்து நிலையம் கோயம்பேட்டை விட்டுக் கிளாம்பாக்கத்துக்கு வந்தது. நோயாளிகள், மாணவர்கள், யானைகள், திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் போகிற கூட்டம். இவர்களோடு வாடகை கட்டி மாளாத குடும்பங்களும் வந்தன. அவர்கள் வருகைக்குத் திறப்பு விழா எதுவும் இல்லை.

அதிகாலை நாலரை மணிக்குப் பெருங்களத்தூர் நிலையத்தில் நின்றால் அந்தக் குடும்பங்களைப் பார்க்கலாம். பூக்கூடை வைத்திருக்கும் பெண்கள், ஆஸ்பத்திரி வார்டு வேலைக்குப் போகிறவர்கள், நீல யூனிஃபார்மில் செக்யூரிட்டிகள். மாநகரம் கண் விழிக்கும் நேரத்துக்கு அதன் கதவுகளைத் திறந்து வைக்க இவர்கள் இருட்டிலேயே புறப்பட்டாக வேண்டும். புறநகரைத் தூங்கும் ஊர் என்பார்கள். இவர்களுக்கு அந்தத் தூக்கமும் முழுசாகக் கிடைப்பதில்லை.

*

முடிச்சூரில் வயல் மனையானது ஒரு நாளில் நடந்ததல்ல. ஏரியில் தண்ணீர் பிடிக்கக் கரை இருந்தது, ஆனால் வாய்க்கால் மேலே அடைபட்டது. ஒரு போகம் தவறியது. அடுத்த வருஷம் தரிசு. அதற்கடுத்த வருஷம் கல் நட்டு, நடுவே சிவப்பு மண் சாலை போட்டு, நுழைவாயிலில் வளைவு வைத்து, "நகர்" என்று பெயர் எழுதினார்கள். வாங்க வந்தவர்கள் மூலப்பத்திரம் பார்த்தார்கள், வில்லங்கச் சான்று எடுத்தார்கள், வாஸ்து பார்த்தார்கள். கோடையில்தான் பெரும்பாலும் மனை பார்க்க வருவார்கள். கோடையில் எல்லா மண்ணும் மேடுதான்.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. 2017-ல் அப்படிப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த அரசு விதிகள் கொண்டுவந்தது. கட்டணம் கட்டி, வரிசையில் நின்று, மக்கள் தங்கள் வீட்டுக்கு ஒரு தாளை வாங்கிக்கொண்டார்கள். 1,189 சதுர கி.மீ. ஆக இருந்த சென்னைப் பெருநகரத் திட்டப் பரப்பு 2022-ல் 5,904 சதுர கி.மீ. ஆனது. தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சியானபோது பெருங்களத்தூர் அதற்குள் போனது; முடிச்சூர் ஊராட்சியாகவே நின்றது. சாலையின் இந்தப் பக்கம் குப்பை வண்டி ஒரு நேரம், அந்தப் பக்கம் வேறு நேரம். தண்ணீர் மட்டும் எல்லைக்கல் பார்ப்பதில்லை. மேலே ஒரு ஊராட்சி, நடுவே மாநகராட்சி, கீழே வேறு மாவட்டம் என்று அது போய்க்கொண்டே இருக்கிறது. அதைக் கேட்க வேண்டிய அலுவலகம் எது என்று தெரியாமல் மனு எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

*

மணிமங்கலத்துக்குப் போய் வந்தேன். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை வென்ற போர்க்களங்களில் ஒன்று அது. கஜபிருஷ்ட வடிவில், யானையின் பின்புறம் போல வளைந்த விமானத்தோடு பழைய சிவன் கோயில் அங்கே இருக்கிறது. சேனைகள் மோதிய ஊரைச் சுற்றி இப்போது பிளாட் விளம்பரப் பலகைகள். நான் போனது கோயிலுக்காக மட்டும் இல்லை. ஏரிக்கரையில் நிற்க வேண்டும் என்று இருந்தது. கண்ணுக்கெட்டும் தூரம் கரை. அந்தக் கரையில் நின்றால் முடிச்சூர் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை உடம்பே உணர்கிறது.

1767 முதல் 1774 வரை பர்னார்ட் என்ற ஆங்கிலேயர் செங்கல்பட்டுச் சீமையின் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். சுமார் இரண்டாயிரம் ஊர்கள். ஒவ்வோர் ஊரிலும் வீடு எவ்வளவு, நஞ்சை எவ்வளவு, ஏரி எவ்வளவு நிலம் பிடித்திருக்கிறது, விளைச்சலில் யாருக்கு என்ன பங்கு என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இருக்கின்றன. தச்சருக்கு, வெட்டியானுக்கு, கணக்கப்பிள்ளைக்கு என்று பிரித்தது போலவே ஏரிக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். களத்தில் நெல்லைக் குவித்து வைத்துப் பங்கு பிரிக்கும்போது ஏரியும் ஒரு பங்காளியாக நின்றது. அந்தச் சமூகத்தின் கொடுமைகளை நான் மறக்கவில்லை. யாருக்குப் பங்கு இருந்தது, யாருக்கு இல்லை என்பது தெரிந்ததுதான். இருந்தாலும் ஏரிக்கு எடுத்து வைத்த அந்தப் பங்கை நினைக்காமல் கடக்க முடியவில்லை. எங்கள் நகர் நலச் சங்கத்தின் மாதச் சந்தாவில் சிசிடிவி கேமராவுக்கு ஒதுக்கியிருக்கிறோம், தெருவிளக்குக்கு ஒதுக்கியிருக்கிறோம். ஏரிக்கு ஒதுக்கவில்லை.

*

எங்கள் பக்கத்து ஏரி ஒன்றின் கலங்கலைச் சம்புப் புல் மூடிக் கிடக்கிறது. விலக்கிப் பார்த்தால் கருங்கல் தளம். அதன் மேல் வரிசையாக, முழ உயரத்துக்கு, செங்குத்தாக நட்ட கற்கள். எதற்கு இந்தக் கற்கள் என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்.

"தம்பி, மழை காலத்துல இந்தக் கல்லுங்க நடுவுல ஒண்ணும் வெக்க மாட்டோம். வர்ற தண்ணி வழிஞ்சு போய்க்கினே இருக்கும். கார்த்திகை முடிஞ்சு மழை ஓயறப்போ, கல்லுக்குக் கல்லு வைக்கோலும் மண்ணும் வச்சு அடைப்போம். அப்பத்தான் கோடைக்கு ஒரு முழம் தண்ணி கூட நிக்கும்."

"முன்னாடியே அடைச்சா என்னங்கய்யா?"

"முன்னாடியே அடைச்சா கரை பூடும். அடைக்காம வுட்டா பயிரு பூடும். எப்ப அடைக்கணும்னு ஊரு கூடித்தான் சொல்லணும். ஒருத்தன் சொல்லிச் செய்யற வேலை இல்ல அது."

அவர் எழுந்து மாட்டை அந்தாண்ட ஓட்டிக்கொண்டு போனார். நான் அந்தக் கற்களைத் தடவிப் பார்த்தேன். ஒன்றின் தலை தேய்ந்து வழவழவென்று இருந்தது. இந்தக் கல்லின் தலைமட்டம்தான் ஊரின் மட்டம். ஊர் எங்கே கட்டலாம், எங்கே உழலாம், எங்கே விட்டு வைக்கலாம் என்பதற்கெல்லாம் இதுதான் ஆரம்பம். மேஸ்திரியின் குழாயின் மறு முனையை இங்கே கொண்டுவந்து பிடித்திருக்க வேண்டும்.

*

2019 கோடை. அதே முடிச்சூர், அதே தெரு. போர் வற்றியது. 2015-ல் மாடி ஏறியவர்கள் குடத்தோடு டேங்கர் லாரிக்குக் காத்திருந்தார்கள். லாரிக்கு ஆன்லைனில் பதிவு செய்துவிட்டு இரவெல்லாம் ஹார்ன் சத்தத்துக்குக் காது கொடுத்துப் படுத்திருந்தோம். வெள்ளமும் வறட்சியும் இரண்டு கஷ்டம் இல்லை என்று அந்தக் கோடையில்தான் உறைத்தது. தங்க இடம் இல்லாத தண்ணீர் மழைக்காலத்தில் வீட்டுக்குள் வருகிறது, கோடையில் வருவதில்லை. கலங்கல் கற்களின் நடுவே எப்போது திறக்க வேண்டும், எப்போது அடைக்க வேண்டும் என்று தெரிந்திருந்த ஊருக்கு இந்த இரண்டையும் ஒரே இடத்தில் சரிசெய்யத் தெரிந்திருந்தது.

*

ஏரியை மீட்பது முடியாத காரியம் என்று சொல்பவர்களுக்கு ரயில் பாதைக்குக் கிழக்கே சிட்லபாக்கத்தைக் காட்டலாம். குப்பையும் கழிவுநீருமாக நாறிய ஏரி. அங்கே குடியிருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கிச் சுத்தம் செய்தார்கள், அளந்தார்கள், விடாமல் மனு கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள். 2019-ல் அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. கரை பலப்பட்டது, நடைபாதை வந்தது. அந்த ஏரிக்கும் இன்னும் பாக்கி இருக்கிறது. கழிவுநீரை முழுக்க நிறுத்துவது நீண்ட சண்டை. இருந்தாலும் அந்தச் சண்டையைப் போடுகிறவர்கள் வந்தேறிகள், எங்களைப் போல மனை வாங்கி வந்தவர்கள். ஊரின் ஏரிக்கு உரிமை கொண்டாட அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டியதில்லை என்பதை அவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

*

புரட்டாசி பாதி. காற்று திசை மாறத் தொடங்கியிருக்கிறது. கலங்கலில் சம்பு இன்னும் வெட்டப்படவில்லை. வெளிவட்டச் சாலைக்கு அடியில் போகும் கல்வெர்ட்டில் பிளாஸ்டிக் அடைத்திருக்கிறது. உயர்ந்த கரைமேல் ஓடும் அந்தச் சாலையைக் கடக்கத் தண்ணீருக்கு அந்தக் குழாய்கள்தான் வழி.

ஊராட்சிகளில் அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வரும் கடைசிச் சபை அது. மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்குப் பகுதி சபை உண்டு. புறநகரில் குடியிருக்கிற நீங்கள் அந்தக் கூட்டத்துக்கு ஒரு முறை போங்கள். உங்கள் தெருத் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது, அந்த ஏரியின் கலங்கல் எங்கே இருக்கிறது, அது வழிந்தால் எந்தக் கால்வாயில் போக வேண்டும், அந்தக் கால்வாயின் சர்வே எண் என்ன என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் கேள்வியையாவது எழுதச் சொல்லுங்கள்.